மூன்று நாய்கள் ஒரே இரவில் செத்துக் கிடந்தால் விஷம்தானா? உறுதிசெய்வது எப்படி?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். கோத்தகிரி பக்கம், தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்பு. முந்தின இரவு சோறு தின்றுவிட்டுப் படுத்த மூன்று நாய்கள் விடியும்போது செத்துக் கிடந்திருக்கின்றன. இரண்டு தெருநாய், ஒன்று வீட்டு நாய். வாயில் நுரை. ஒன்றைப் புதைத்துவிட்டீர்கள், மற்ற இரண்டும் சாக்கில் சுற்றிக் கிடக்கின்றன. பத்து நாளுக்கு முன் நான்காவது நாய் ஒன்று கழுத்தைக் கம்பி அறுத்த காயத்தோடு வந்து நின்றது. அக்கம்பக்கத்தார் நோய் என்கிறார்கள், உங்களுக்கு ஒருவர் மீது சந்தேகம். "விஷம் வைத்ததை நிரூபிக்க முடியுமா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எதனால் செத்தன, வேண்டுமென்று செய்ததா, செய்தவர் யார். முதலாவதற்குக் கால்நடைத் தடய மருத்துவம் பெரும்பாலும் பதில் தரும். இரண்டாவதற்கு உடல், இடம், தீனி மூன்றும் ஒத்துப்போனால் பதில் கிடைக்கும். மூன்றாவதற்கான பதில் நாயின் உடலில் இல்லை. அது போலீஸ் விசாரணை. ஆளை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்கு ஆதாரம் தேடப் போனால், கண்ணெதிரே கிடக்கும் ஆதாரம் கைநழுவிப் போகும்.

முதலில் அவசரமானது. அந்த இரண்டு உடல்களையும் புதைக்காதீர்கள், கழுவாதீர்கள். சாக்கை உதறாமல், சாக்கோடு சேர்த்தே தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு இன்னொரு பையால் மூடுங்கள். எந்த நாய், எங்கே கிடந்தது, எத்தனை மணிக்குப் பார்த்தது, யார் பார்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சீட்டு எழுதுங்கள். நிழலில் வைத்து, மீன் கடையில் கிடைக்கும் ஐஸை வேறு பைகளில் கட்டிச் சுற்றிலும் அடுக்குங்கள். உருகும் தண்ணீர் உடலில் படக்கூடாது. ஆழ் உறைபெட்டியில் வைத்தால் திசுக்களுக்குள் பனித்துகள் உருவாகி, நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு உதவாமல் கெட்டுவிடும். இரண்டு நாளுக்கு மேல் மருத்துவர் கிடைக்கவே மாட்டார் என்றால் மட்டும் உறைய வையுங்கள், அழுகுவதைவிட அது மேல். உடற்கூறாய்வு 24 மணி நேரத்துக்குள் நடப்பது நல்லது. 12 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. வாய்ப்பக்கத்தைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குன்னூரில் 1907-லிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிற மலை இது. வெறிநோய் இங்கே புதிதல்ல. கையில் கீறல் இருந்து நாயின் எச்சில் பட்டிருந்தால், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இனி நுரை. எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான், ஆனால் தனியாக எடுத்தால் அதற்கு மதிப்பு மிகக் குறைவு. நுரையீரலில் நீர் கோத்துச் செத்த எந்த விலங்குக்கும் நுரை வரும்: மின்சாரம் தாக்கினால், பாம்பு கடித்தால், வலிப்பு நீடித்தால், தண்ணீரில் மூழ்கினால். நீங்கள் சொன்னதில் உண்மையிலேயே கனமான செய்தி வேறு. முந்தின இரவு சாப்பிட்ட, வளர்ந்த மூன்று நாய்கள் ஒரே இரவில், சின்ன இடத்துக்குள் செத்திருக்கின்றன. பார்வோ நோய் பெரும்பாலும் குட்டிகளைத் தாக்கும். செத்துப்போகும் முன் வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக ஓரிரு நாளாவது இழுக்கும். டிஸ்டெம்பர் நோய் வாரக் கணக்கில் போகும். வெறிநோயில் சில நாட்களாவது குணம் மாறித் தெரியும், மூன்றும் சேர்ந்து ஒரே இரவில் விழாது. சிறுத்தை நாயைத் தூக்கிக்கொண்டு போகும்; விட்டுப் போனாலும் தொண்டையில் பல் இறங்கிய துளைகள் இருக்கும். மின்சாரத்தை மட்டும் அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியாது. காட்டுப்பன்றிக்காகத் தோட்டவேலியில் கள்ளத்தனமாக மின்சாரம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றும் ஒரே வேலியோரம் கிடந்தனவா, பாதத்திலோ உதட்டிலோ கருகிய புள்ளி உண்டா என்று பாருங்கள். வேலிக் கம்பியைத் தொடாதீர்கள். இவையெல்லாம் இல்லையென்றால் விஷம் என்ற ஐயம் நியாயமானதுதான், ஐயம் என்ற அளவில்.

எந்த விஷம் என்பதில் சாவின் வேகமே நல்ல துப்பு. கேரட், உருளை, முட்டைக்கோஸ் விளையும் இந்த மலையில் முதலில் நினைக்க வேண்டியது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகளை. உருளைக்கிழங்கைத் தாக்கும் தங்க நூற்புழு 1961-ல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. பின்னாளில் அதை அடக்கப் பயன்பட்ட மருந்துகளில் கார்போஃபியூரான் குருணை முக்கியமானது. இன்னொரு குருணை மருந்தான ஃபோரேட் 2020 முடிவோடு நாடு முழுக்கத் தடையானது. ஆனாலும் பழைய டப்பா ஷெட்டு மூலையில் கிடப்பதற்குத் தடைச் சட்டம் எதுவும் செய்ய முடியாது. இந்த வகை மருந்து உள்ளே போனால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகும், கண்ணீர் வடியும், சிறுநீரும் மலமும் தன்னால் போகும், கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும், தசைகள் துடிக்கும், மூச்சில் சளி கொளகொளக்கும். செத்த பிறகு கண்மணியின் அளவை நம்பாதீர்கள், அது மாறிவிடும். நனைந்த வாய், அழுக்கான பின்புறம், நீர் கோத்துக் கனத்த நுரையீரல், இரைப்பையில் நீலமோ ஊதாவோ ஆன குருணை: இவை சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

அடுத்தது ஜிங்க் பாஸ்பைடு, கருஞ்சாம்பல் நிற எலி மருந்துப் பொடி. இரைப்பை அமிலத்தோடு சேர்ந்ததும் பாஸ்பீன் வாயுவாக மாறும். பூண்டு வாடை அல்லது அழுகிய மீன் வாடை அடிக்கும். 15 நிமிடத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் அறிகுறி தொடங்கும். வயிறு நிறையத் தின்ற நாயில் அமிலம் அதிகம் சுரக்கும், அதனால் வேகமும் அதிகம். அறுக்கும் மருத்துவருக்கே அந்த வாயு ஆபத்து. மூடிய அறையில் வயிற்றைத் திறக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எலி கேக் என்று விற்கும் புரோமடியோலோன் வகை நேர் எதிர். அது ரத்தம் உறைவதைத் தடுத்து 2 முதல் 5 நாள் கழித்தே கொல்லும். மார்புக்குள்ளும் மூட்டுகளிலும் ரத்தம் தேங்கும், ஈறு வெளுக்கும். இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும். "எலிக்கு வைத்த கேக்கை நாய் தின்றுவிட்டது" என்று யாராவது சொன்னால், மூன்று ஆரோக்கியமான நாய்கள் ஒரே இரவில் செத்ததற்கு அது பொருந்தாத விளக்கம். எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் இன்று அரிது. ஆனால் நான்கு காலும் விறைத்து நீட்டி, தலை பின்னோக்கி வளைந்து, செத்த கொஞ்ச நேரத்திலேயே உடல் கட்டையாகிவிட்டிருந்தால் நினைவில் வைக்க வேண்டும். தோட்டத்துக்கு நத்தை மருந்து வாங்குகிறவர்கள் இருந்தால் அதிலுள்ள மெட்டால்டிஹைடையும் பட்டியலில் சேருங்கள். அதுவும் சில மணி நேரத்தில் நடுக்கமும் கடும் காய்ச்சலுமாகக் கொல்லும்.

உடலைவிட இடம் அதிகம் பேசும் என்பது இந்தத் துறையில் வேலை செய்கிற பலரின் அனுபவம். நாய்கள் கிடந்த இடங்களிலிருந்து 100, 200 மீட்டர் சுற்றளவை இன்றே, பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளையும் மற்ற நாய்களையும் தள்ளி நிறுத்திவிட்டுப் பாருங்கள். வாந்தி, இறைச்சித் துண்டு, கோழிக் குடல், கருவாடு, பன், பொட்டலம் கட்டிய பாலித்தீன். செத்த காக்கை, பூனை, எலி. முக்கியமாக, வாந்தியின் மேலோ இறைச்சியின் மேலோ உட்கார்ந்த ஈக்களும் எறும்புகளும் செத்துக் கிடக்கின்றனவா என்று குனிந்து பாருங்கள். பூச்சிமருந்து கலந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வெறும் கண்ணுக்குக் கிடைப்பது கடினம். எதையும் எடுக்கும் முன் படம்: தூரத்திலிருந்து ஒன்று, பக்கத்திலுள்ள மரமோ சுவரோ தெரியும்படி ஒன்று, மிக அருகில் அளவுகோலோடு ஒன்று. அளவுகோல் இல்லையென்றால் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். அனுப்பும்போது தரம் குறைந்து, எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலப் படம் உள்ள போனே கையில் இருப்பது நல்லது. போலீஸ் வருவதாக இருந்தால் பொருள்களை அவர்களே மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) எழுதி எடுக்கட்டும். வரத் தாமதமாகி மழை பிடிக்கும் போலிருந்தால், ஒவ்வொரு பொருளையும் தனித்தனி மூடியிட்ட கண்ணாடிப் புட்டியில் போட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு ஒட்டி வையுங்கள். நாய்களுக்கு விஷம் என்று நீங்கள் நினைக்கும் டப்பா அடுத்தவர் வீட்டில் இருப்பது தெரிந்தாலும் உள்ளே போய் எடுக்காதீர்கள். அது ஆதாரமாகாது, உங்கள் மீது வழக்காகும்.

செத்த நேரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாய் செத்து 2 முதல் 6 மணி நேரத்தில் விறைப்பு தொடங்கும், 12 மணி நேர வாக்கில் முழுமையாகும், ஒன்றிரண்டு நாளில் தளரும் என்பது சமவெளிக் கணக்கு. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக் குளிர் இரவில் உடல் சீக்கிரம் குளிரும், விறைப்பு தாமதமாகி நீண்ட நேரம் நிற்கும், அழுகல் மெதுவாகும். வலிப்பில் செத்திருந்தால் அதற்கு நேர்மாறாக விறைப்பு முந்திக்கொள்ளும். ஆகவே "இரவு 2 மணிக்குச் செத்தது" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். கடைசியாக உயிரோடு பார்த்தது யார், எத்தனை மணிக்கு என்ற சாட்சியே இங்கே வலுவானது.

உடற்கூறாய்வை அரசு கால்நடை உதவி மருத்துவர் செய்வது வழக்குக்கு நல்லது, அதுவும் காவல் நிலையம் எழுத்துமூலம் கேட்டுக்கொண்டு செய்வது. தோலை உரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிக்கு அடியில் மறைந்த ரத்தக்கட்டு உட்புறத் தோலில்தான் தெரியும். உயிரோடு இருக்கும்போது ஏற்பட்ட காயத்தின் ஓரத்தில் ரத்தம் ஊறியிருக்கும். செத்த பிறகு காக்கை கொத்தியதும் கீரி கடித்ததும் வெளுத்து உலர்ந்திருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் கண்ணைத் தோண்டிக் கொன்றதாகப் புகார் எழுதி, புகார் முழுவதுமே நம்பிக்கை இழந்த வழக்குகள் உண்டு. முடிந்தால் அறுக்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஏர்கன் குண்டுகளும், வெவ்வேறு காலத்தில் முறிந்து ஆறிய விலா எலும்புகளும் அதில் தெரியும். நாய், பூனைகளில் வேண்டுமென்று ஏற்படுத்திய காயங்களின் இயல்பைப் பிரிட்டனில் மன்ரோ, த்ரஸ்ஃபீல்டு என்ற கால்நடை ஆய்வாளர்கள் இருவரும் 2001-ல் தொகுத்து வெளியிட்டார்கள். ஒரே தடவையில் நிகழாத, வயது வேறுபட்ட காயங்கள் தொடர் வதையைச் சுட்டும் முக்கிய அடையாளமாக இன்றும் கருதப்படுகின்றன. வண்டி மோதிய நாயில் நகங்கள் தேய்ந்து சிதைந்திருக்கும், தோலில் தார், கிரீஸ், சரளைக் கீறல் இருக்கும், இடுப்பெலும்பு முறிவது வழக்கம். மனிதர் அடித்த நாயில் மண்டை, பல், இரு பக்க விலா ஆகியவற்றில் காயம் அதிகம். ஆனால் இவையெல்லாம் சாய்வுகள்தான், விதியல்ல.

விஷ ஆய்வுக்கு எடுக்க வேண்டியவை: இரு முனையும் கட்டிய இரைப்பை அதன் உள்ளடக்கத்தோடு, ஈரல் 100 முதல் 200 கிராம், ஒரு சிறுநீரகம் முழுதாக, மூளையில் பாதி, கிடைக்கும் சிறுநீர் அத்தனையும், ரத்தம் 10 மில்லி, கொஞ்சம் கொழுப்பு. ஒவ்வொன்றும் தனிப் புட்டியில். ஒரே புட்டியில் ஈரலையும் இரைப்பையையும் போட்டால், விஷம் வயிற்றில் மட்டும் இருந்ததா உடலில் ஏறியதா என்பதே தெரியாமல் போகும். உடலில் ஏறியது தெரிந்தால்தான் சாவுக்கு அதுவே காரணம் என்று சொல்ல முடியும். ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவம் விஷ ஆய்வுக்கு ஆகாது. அது திசு ஆய்வுக்கு. 1 சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காத துண்டுகளுக்கு, திசுவைப் போலப் பத்து மடங்கு 10 சதவீத ஃபார்மலின். விஷ ஆய்வு மாதிரிகளை உறைய வைத்து அனுப்புவது சிறந்தது. ஐஸில் அனுப்ப வழியில்லாத ஊர்களில் உப்பு தெவிட்டிய கரைசலில் வைப்பார்கள். அப்போது அந்தக் கரைசலிலும் கொஞ்சம் தனியாக அனுப்ப வேண்டும். ஜிங்க் பாஸ்பைடு சந்தேகமென்றால் காற்று புகாத மூடியும் உடனடி உறைவும் இல்லாமல் பயனில்லை, வாயு தப்பிவிடும். வெறிநோய்ச் சோதனைக்கு மூளையின் மற்றப் பாதி ஃபார்மலின் இல்லாமல் குளிரில் போக வேண்டும்.

ஆய்வகம் எல்லா விஷத்தையும் தானாகத் தேடிக் கண்டுபிடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தேடச் சொன்னதைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். அதனால் மருத்துவரின் கடிதத்தில் அறிகுறிகள், சாவின் வேகம், இரைப்பையில் கண்ட நிறம், வாடை, சந்தேகிக்கும் மருந்து வகைகள் எல்லாம் இருக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் மருந்துகள் முடக்குவது கோலினெஸ்ட்ரேஸ் என்ற நொதியை; மூளையில் அது இயல்பில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பூச்சிமருந்து உள்ளே போனதற்கு அடையாளம், கால்வாசிக்கும் கீழே என்றால் மிக வலுவான அடையாளம். ஆனால் கார்பமேட் அந்த நொதியை விட்டு விலகிவிடும் தன்மையுடையது. மாதிரி சூட்டில் தாமதமானால் அளவு இயல்பாகவே காட்டிவிடும். "விஷம் காணப்படவில்லை" என்ற அறிக்கை வந்தால், மாதிரி போன விதத்தைப் பார்க்காமல் நோய்தான் என்று முடிவுகட்ட முடியாது. அதேபோல் விஷம் கண்டது என்ற அறிக்கையும் யாரோ வைத்தார்கள் என்பதற்குச் சான்றல்ல. மருந்து சிந்திய சாக்கை நக்கியும் நாய் சாகும். இறைச்சிக்குள் குருணை திணித்திருந்தது என்ற படமும், மூன்று நாய்களின் இரைப்பையிலும் அதே இறைச்சி அதே குருணை என்ற அறிக்கையும்தான் தற்செயலை விலக்கும்.

கம்பிக் காயத்தை இதோடு சேர்க்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து. நீங்கள் விவரித்த காயம் குறுகலாக, ஆழமாக, கழுத்தைச் சுற்றி ஒரே வளையமாக இருக்கிறது. தேயிலைக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் இடையே காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் கிளட்ச் வயரில் வைக்கும் சுருக்கு இப்படித்தான் அறுக்கும். அந்தச் சுருக்கு நாயைக் குறிவைத்ததல்ல. அதில் நாளைக்குச் சிறுத்தையும் மாட்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் அது வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய வேறொரு குற்றம். புண்ணின் அடியில், ஆறும் புண்ணில் வருவதுபோல் சிவந்து பொடிப்பொடியான புதுச்சதை வளர்ந்திருந்தால் கம்பி மூன்று நாளுக்குக் குறையாமல் கழுத்தில் இருந்திருக்கிறது என்று சொல்லலாம். கம்பியை வைத்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். இனி இப்படி ஒன்றை வெட்ட நேர்ந்தால் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டுங்கள். முடிச்சு போட்ட விதம் ஆளுக்கு ஆள் மாறும், அதுவே ஒரு தடயம்.

சட்டத்தில், பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் 11-வது பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், வேதனையான தொகை. அதனால் புகாரில், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவையும் குறிப்பிடுங்கள். விலங்கைக் கொல்வது, விஷமிடுவது, முடமாக்குவது ஆகியவற்றுக்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அந்தப் பிரிவு ஒருவருக்கு நேர்ந்த இழப்பையும் பார்ப்பதால், தெருநாய்க்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு வாதிடும். வீட்டு நாயின் உரிமையாளர் புகார்தாரராக இருப்பது வலு. தடுப்பூசி அட்டையை இணையுங்கள். தெருநாய்களுக்கு யார் உணவிட்டார்கள், கருத்தடை செய்ததற்கு அடையாளமான காது வெட்டு உண்டா என்பதையும் எழுதுங்கள். புகாரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள், சந்தேகத்தைச் சந்தேகம் என்றே தனியாக எழுதுங்கள். பதிய மறுத்தால், குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-வது பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம், அதற்குப் பிறகு நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

புதைத்த நாயை நீங்களாகத் தோண்டாதீர்கள். வழக்குப் பதிவான பிறகு போலீஸும் மருத்துவரும் சேர்ந்து எடுக்கலாம். அப்போது உடலுக்கு மேல் மண், பக்கவாட்டு மண், அடி மண், கொஞ்சம் தள்ளி எடுத்த ஒப்பீட்டு மண் நான்கும் வேண்டும். விவசாயம் செய்த மண்ணில் பூச்சிமருந்து ஏற்கெனவே இருக்கும், ஒப்பீடு இல்லாவிட்டால் முடிவுக்கு மதிப்பில்லை. மற்ற இரண்டு உடல்களில் தெளிவான முடிவு கிடைத்தால் இதைத் தோண்டவே தேவைப்படாமலும் போகலாம்.

ஆய்வு முடிந்த உடலை ஓடைப்பக்கமோ சோலைக்குள்ளோ எறிய விடாதீர்கள். 2023 செப்டம்பரில் நீலகிரியின் அவலாஞ்சி அருகே விஷம் வைத்த மாட்டின் உடலைத் தின்று இரண்டு புலிகள் செத்தன. மலைக்கு வடக்கே சீகூர்ப் பக்கம் மிஞ்சியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் இதே ஆபத்து. நீரோட்டத்திலிருந்து தள்ளி ஆறடி ஆழக் குழி, மேலே சுண்ணாம்பு. இன்னொரு நாய் எச்சில் ஒழுகித் தள்ளாடினால் உப்புத் தண்ணீர், எண்ணெய், பால் எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பில் அது நுரையீரலுக்குள் போகும், பாலும் எண்ணெயும் சில விஷங்களை வேகமாக உடலில் ஏற்றும். தோலில் மருந்து பட்டிருந்தால் கையுறையோடு சோப்புத் தண்ணீரில் கழுவி, கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைத்துவிட்டு, இந்தப் பூச்சிமருந்துக்கு முறிவான அட்ரோபின் ஊசி இருப்பு உள்ள கால்நடை மருந்தகம் எது என்று முன்பே விசாரித்து அங்கே கொண்டுபோங்கள். வாந்தி எடுத்தால் அதையும் ஒரு புட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.